குதித்த வண்டியும் உராய்வுப் பாடமும்

(ஸ்ரீவில்லிபுத்தூரில் அறிவியல் ஆசிரியர்கள் கூடிய பயிற்சி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தவர்கள் வகுப்பறையில் செய்த புதுமை ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சொல்லப்போவது புதுமை இல்லை. நூறு வருடத்துக்கும் மேலான ஒரு பழைய சாமானைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதுவும் வகுப்பறையில் நடந்தது பாதிதான். மீதி, ராஜபாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் நடந்தது.

எட்டாம் வகுப்பில் நாம் எல்லோரும் உராய்வு நடத்துகிறோம். நான் பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போடுவேன். இடது பக்கம் நன்மைகள்: நடக்க முடிகிறது, தீக்குச்சி உரசினால் பற்றுகிறது, பிரேக் பிடிக்கிறது. வலது பக்கம் தீமைகள்: தேய்மானம், வெப்பம், ஆற்றல் இழப்பு. கீழே, குறைக்கும் வழிகள்: எண்ணெய், கிரீஸ், பால் பேரிங். "உராய்வு தேவையான ஒரு தீமை" என்று சொல்லி முடித்துவிடுவேன். பிள்ளைகளும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். வலது பக்கம் எழுதும் அந்த 'ஆற்றல் இழப்பை' இடது பக்கத்துக்கு மாற்றி எழுதலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. கால்களால் நடக்க இயலாது. வீடு பள்ளியிலிருந்து இரண்டரை கிலோமீட்டர். அவளுடைய அண்ணன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். பாரம் ஏற்றுகிற பழைய மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றில், பின்பக்கப் பலகைமேல் ஒரு நாற்காலியைக் கட்டி, அதில் தங்கச்சியை உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்து விட்டுவிட்டு, பிறகு தன் பள்ளிக்குப் போவான். மழை பெய்தால் இருவருக்கும் விடுப்பு. மற்ற நாளில் ஒருநாள்கூடத் தாமதமில்லை.

அந்த வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் நாற்காலிக்கு நேராக வந்து சேரும். பார்க்கச் சகிக்காமல் நாங்கள் நான்கு ஆசிரியர்கள் பணம் போட்டோம். நான்தான் அறிவியல் ஆசிரியை ஆயிற்றே, யோசனையும் என்னுடையதுதான். நாற்காலிப் பலகையின் முன் விளிம்பைக் கீல் வைத்துச் சட்டத்தோடு இணைத்து, பின் விளிம்பின் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு சுருள்வில். பழைய இரும்புக் கடையில் ஸ்பிரிங் கிடைத்தது, வெல்டிங் பட்டறையில் ஒரு மணி நேர வேலை. சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டி இடுப்புப் பட்டை வைத்தோம். பிரார்த்தனைக் கூட்டத்தில் கைதட்டல்கூட வாங்கினோம்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை.

உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பத்தாம் நாள் வீட்டுக்குப் போனேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஸ்பிரிங் வேணாம். முந்தி இருந்ததே பரவாயில்ல. முந்தி இடிச்சா ஒரு தடவதான் இடிக்கும். இப்ப ஒரு பள்ளத்துல விழுந்தா அடுத்த பள்ளம் வரைக்கும் ஆடுது. வாந்தி வருது."

அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் அது தெரிந்திருந்தது, டீச்சர் மனம் நோகும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறான். நாங்கள் நான்கு பேர் கூடி முடிவெடுத்தோம், பணம் போட்டோம், கைதட்டல் வாங்கினோம். வண்டியில் உட்காரப்போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்பிரிங் மாட்டிய பிறகு ஒரு தெருவாவது ஓட்டிப் பார்த்தோமா என்றால் அதுவும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. அண்ணனும் நானும் வண்டியை ராஜபாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருக்கும் பெரியவர் மில் இயந்திரங்களுக்கும் விசைத்தறிகளுக்கும் உதிரிப் பாகம் கடைந்தே வயதானவர். பலகையை ஒரு கையால் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். அது குதி குதி என்று குதித்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, ஸ்பிரிங் மட்டமா? வேற போடணுமா?" என்று கேட்டேன்.

"ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங்தான் டீச்சரம்மா. அதான் தொல்ல. வாங்குனத அப்படியே திருப்பிக் குடுத்துருது. கொஞ்சத்தத் தின்னுட்டுக் குடுக்கிற மாதிரி ஒண்ணு பக்கத்துல வேணும்" என்றார்.

நான் பி.எட். படித்தவள், அதற்கு முன் இயற்பியலில் பட்டம் வாங்கியவள். தடையுறு அலைவுகள் என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் நிற்கிற பையன் அந்த வருடம் பதினோராம் வகுப்பில் அலைவுகள் பாடம் படித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 'ஆற்றல் இழப்பு' வேண்டும் என்று ஒருவர் கேட்டு வாங்குவதை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'ஷாக் அப்சார்பர்' என்ற பெயரே நம்மைக் குழப்புகிறது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கியதை நிலை ஆற்றலாகச் சேர்த்துவைத்து, மறுகணமே இயக்க ஆற்றலாகத் திருப்பித் தருகிறது. அந்தத் திருப்பிக் கொடுக்கல்தான் ஆட்டம். ஷாக் அப்சார்பர் செய்கிற வேலை அந்த ஆட்டத்தை அடக்குவது, அதாவது ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுவது. இங்கிலாந்தில் இதை 'டாம்பர்' என்பார்கள். 'அலைவு ஒடுக்கி' என்று நாம் சொல்லலாம். பட்டறையில் எல்லோருக்கும் அது 'ஷாக்கு'தான்.

இன்றைய மோட்டார் சைக்கிளில் இந்த வேலையை எண்ணெய் செய்கிறது. ஒரு பிஸ்டன், சிறு துளைகள், அதன் வழியே நெருக்கியடித்து ஓடும் எண்ணெய். இதை நம் பட்டறையில் கையால் செய்ய முடியாது. எண்ணெய் வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள்?

பெரியவர் பேசாமல் உள்ளே போய் ஒரு பழைய புல்லட்டின் உதிரிப் பாகத்தை எடுத்துவந்தார். திருவொற்றியூரில் 1956-ல் புல்லட் செய்யத் தொடங்கினார்கள். பழைய வண்டிகளில் ஹேண்டில் பாரின் நடுவில் கையால் திருகுகிற ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகினால் கீழே ஒரு உராய்வு வட்டு இறுகி, ஹேண்டில் இடமும் வலமும் உதறாமல் பிடித்துக்கொள்ளும். "இதயே பெரிசாச் செஞ்சு ஸ்பிரிங்குக்குப் பக்கத்துல போட்டா?" என்றார்.

பிறகு வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான், அவர் சொன்னது உலகம் முழுக்க ஒருகாலத்தில் ஓடிய சாமான் என்று தெரிந்தது. பிரான்சில் ட்ரூஃபோ என்பவர் வடிவமைத்தது. 1900-களின் தொடக்கத்தில் ஹார்ட்ஃபோர்டு என்ற அமெரிக்கர் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். கத்தரிக்கோல் போல இரண்டு கைகள். ஒரு கையின் நுனி வண்டிச் சட்டத்தில், இன்னொரு கையின் நுனி அச்சில். இரண்டும் சேருகிற மூட்டில் வட்டுகள் ஒன்றோடொன்று உரசும். நடுவில் ஒரு போல்ட். நட்டை இறுக்கினால் உராய்வு கூடும், தளர்த்தினால் குறையும். பெண்ட்லி, புகாட்டி போன்ற பந்தயக் கார்களில் எல்லாம் இந்தக் கத்தரிக்கோல்தான் இருந்தது. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி காருக்கு ஷாக் அப்சார்பரே தராமல்தான் விற்றார்கள், வாங்கியவர்கள் வெளியில் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அதற்கடுத்த மாடல் ஏ காரில் எண்ணெய் வகை வந்தது. ஆனாலும் பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்து, இலகுவாக்கி, வேகமாக ஓட்டுகிற 'ஹாட் ராட்' பிரியர்கள் அமெரிக்காவில் இன்றும் இந்த உராய்வு வகையைத் தங்கள் கொட்டகையில் கையாலேயே செய்து மாட்டுகிறார்கள். அவர்கள் ஆசைக்குச் செய்கிறார்கள். எங்களுக்கு வேறு வழியில்லாமல் தேவைப்பட்டது.

உராய்வால் ஆட்டத்தை அடக்குவது நம் ஊருக்குப் புதிதா என்றால், அதுவும் இல்லை. வில்வண்டியில் போயிருப்பவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். அதில் அடுக்கடுக்காக இருக்கும் பட்டைகள் வளைந்து நிமிரும்போது ஒன்றின்மேல் ஒன்று உரசுகின்றன. அந்த உரசலே ஆட்டத்தைக் குறைத்துவிடும். லாரிப் பட்டையும் அப்படித்தான். சுருள்வில்லில் அப்படி உரசுவதற்கு ஒன்றுமில்லை, அதனால்தான் எங்கள் வண்டி குதித்தது. ராஜபாளையம் வழியாகப் போகும் ரயில் பாதையில் சரக்கு ரயிலைப் பார்த்தால், அதன் 'காஸ்னப்' வகை போகியில் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஆப்பு வடிவ இரும்புகள் இருக்கும். பாரம் ஏறி இறங்கும்போது அவை உரசி ஆட்டத்தைத் தின்றுவிடும். எங்கள் வகுப்பில் ஆப்பு என்றதும் பிள்ளைகள் ஆடிப்பூரத் தேருக்குப் போடும் முட்டுக்கட்டையைத்தான் சொன்னார்கள். தேருக்கு ஸ்பிரிங் கிடையாது, அங்கே நிறுத்துவதுதான் வேலை. ஆனாலும் 'முட்டுக்கட்டை போடாதே' என்று ஏசுகிறோமே, முட்டுக்கட்டை இல்லாமல் ஆண்டாள் தேரை யார் நிறுத்துவது என்று ஒரு பெண் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வீட்டில் முன்பக்கம் திறக்கிற துணி துவைக்கும் இயந்திரம் இருந்தால், அதன் தொட்டிக்குக் கீழேயும் உராய்வு வகை ஷாக்குதான் இருக்கிறது.

இனி செய்த விதம். செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓர் அங்குல அகலம், ஐந்து மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரும்புப் பட்டையில், இருபது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஆறு துண்டுகள், ஒரு பக்கத்துக்கு மூன்று வீதம். மேல் கைக்கு ஒரு துண்டு, கீழ்க் கைக்கு இரண்டு. மேல் கை நடுவில் நுழைய, கீழ்க் கையின் இரண்டு துண்டும் இருபுறமும் அணைத்து நிற்கும். மூட்டு வருகிற நுனிகளில் ஏழு சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடுகளைப் பற்றவைத்தோம். தகடுகளுக்கு இடையே தோல் வட்டுகள், மூட்டுக்கு இரண்டு. தோல் எங்கிருந்து? விசைத்தறிக் கூடத்தில் கழித்துப்போட்ட தோல் பெல்ட். எங்கள் பக்கத்தில் தறி இல்லாத தெரு குறைவு, கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பழைய பிரேக் லைனிங்கை அறுத்துப் போடலாமே என்று பையன் கேட்டான். கூடாது என்று சொன்னேன். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அதை அறுக்கிற தூசு நுரையீரலுக்கு ஆகாது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்கிறபோது இதை மறக்கக் கூடாது.

நடுவில் பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட். நட்டுக்குக் கீழே, கிண்ணம் போல் குழிந்த ஸ்பிரிங் வாஷர். தோல் தேய்ந்து மெலிந்தாலும் அந்த வாஷர் விரிந்து அழுத்தத்தை விடாமல் வைத்திருக்கும். கைகளின் மறு நுனிகளில் ரப்பர் புஷ் வைத்து, ஒன்றைப் பலகையிலும் ஒன்றைச் சட்டத்திலும் மாட்டினோம். மாட்டுவதில் இரண்டு விஷயம் முக்கியம். கைகள் ஒரே தளத்தில் அசைய வேண்டும், கொஞ்சம் கோணினாலும் மூட்டு பிடித்துக்கொள்ளும். அடுத்தது, ஆள் உட்கார்ந்திருக்கும்போது கத்தரிக்கோல் பாதி திறந்த நிலையில் இருக்க வேண்டும். முழுக்க விரிந்து நேர்கோடாகிவிட்டால் அதற்குமேல் போக இடமில்லை, அங்கேயே முட்டும்.

ஒரு கேள்வி வந்தது. வகுப்பில் ஒருவன், "உராய்வு கூடணும்னா வட்டு இன்னும் பெரிசா இருக்கணுமா டீச்சர்?" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு செங்கல்லைப் படுக்கவைத்தும் பக்கவாட்டில் நிறுத்தியும் கொக்கித் தராசால் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டிலும் தராசு ஏறத்தாழ ஒரே அளவு காட்டியது. அப்புறம் எதற்கு ஏழு சென்டிமீட்டர்? அதற்கு அவர்களே இரண்டு நாளில் வந்துசேர்ந்தார்கள். உராய்வு விசை அதேதான், ஆனால் மையத்திலிருந்து தள்ளிப் பிடித்தால் திருப்புத்திறன் கூடுகிறது. கதவுக் கைப்பிடியைக் கீலுக்குப் பக்கத்தில் வைப்பதில்லையே, அது போல. அகலமான வட்டு தேய்மானத்தையும் சூட்டையும் பகிர்ந்துகொள்கிறது. சூடு உண்மையா என்று பார்க்க, நட்டை நன்றாக இறுக்கிவிட்டு ஒருவர் மாற்றி ஒருவர் இருநூறு தடவை கைகளை விரித்து மூடினார்கள். மூட்டைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு. ஆற்றல் அழியாது, வடிவம் மாறும் என்று எத்தனை முறை எழுதிப்போட்டிருப்பேன்! இப்போது அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அளப்பதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. பலகை ஒரு நொடிக்கு மூன்று முறை ஆடுகிறது, கண்ணால் அளக்க முடியாது. பலகையின் ஓரத்தில் ஒரு பென்சிலைக் கட்டினோம். பக்கத்தில் ஓர் அட்டையில் நீளக் காகிதத்தை வைத்து, பலகையில் முப்பது கிலோ மணல் மூட்டையை ஏற்றி, நாலு சென்டிமீட்டர் அமுக்கி விடும்போது ஒருவன் காகிதத்தைச் சீராகப் பக்கவாட்டில் இழுத்தான். நிலநடுக்கமானி வரைகிற மாதிரி ஒரு கோடு கிடைத்தது.

ஷாக் இல்லாமல் அடுத்தடுத்த உச்சங்கள் மில்லிமீட்டரில்: 40, 38, 35, 33, 31. இப்படியே போய்க்கொண்டிருந்தது, காகிதம் முடிந்ததே தவிர ஆட்டம் முடியவில்லை. ஷாக் மாட்டிய பிறகு: 40, 31, 23, 16, 7. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

இந்த இரண்டாவது வரிசையைப் பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "இது கிட்டத்தட்டக் கூட்டுத் தொடர்வரிசையாச்சே!" என்றார். ஆமாம், ஒவ்வொரு முறையும் எட்டு மில்லிமீட்டர் அளவில் கழிகிறது. உராய்வு விசை வேகத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. பெரிய ஆட்டமோ சின்ன ஆட்டமோ, ஒரு சுற்றுக்கு அதே அளவு வீச்சைக் கழித்துக்கொள்கிறது. பிறகு, விளக்கெண்ணெய் உள்ள பாத்திரத்தில் ஒரு தகட்டைச் சின்ன ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தோம். அங்கே கழிவது ஒரே அளவு இல்லை, ஒரே விகிதம். அது பெருக்குத் தொடர்வரிசைப் பக்கம் போகிறது. ஒரே வாரத்தில் எட்டாம் வகுப்பு உராய்வு, பத்தாம் வகுப்புத் தொடர்வரிசை, பதினோராம் வகுப்பு அலைவுகள் மூன்றும் ஒரு மரப்பலகையில் வந்து உட்கார்ந்தன. பாடத்திட்டம் எழுதியவர்கள் இதை எல்லாம் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள். நாம்தான் பாடவேளை மணி அடித்ததும் தனித்தனியாகக் கட்டிவைத்துவிடுகிறோம்.

இனி அந்தப் பெண். இந்த முறை, எதைத் தொடுவதற்கு முன்னாலும் அவளிடம் கேட்டோம். கேட்டது மட்டும் இல்லை, அளக்கும் கருவியே அவள்தான். ஒரு நோட்டில் கட்டம் போட்டாள். முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் நட்டு எத்தனை கால் சுற்று இறுகியிருக்கிறது, அடுத்து வீட்டிலிருந்து பள்ளி வரை ஏழு இடங்கள்: வீட்டு முன் மண் தெரு, வாய்க்கால் பாலம், அடுத்தடுத்து மூன்று வேகத்தடை, தறிக்கூடத் தெரு, இப்படி. ஒவ்வோர் இடத்துக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டாள். அவள் போட்ட மதிப்பெண்ணில் தாட்சண்யமே கிடையாது.

அந்த நோட்டு இல்லாவிட்டால் நாங்கள் இரண்டாம் முறையும் தப்பாகவே முடித்திருப்போம். காகிதக் கோட்டைப் பார்த்து உற்சாகமாகி, இன்னும் இறுக்கினால் இன்னும் சீக்கிரம் நிற்குமே என்று அண்ணன் நட்டை முறுக்கிவிட்டான். மணல் மூட்டையோடு சோதித்தால் ஒரே ஆட்டத்தில் நின்றது, நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். அன்றைக்கு அவள் நோட்டில் வேகத்தடைக்கு எட்டு. மண் தெருவுக்கு இரண்டு! ஏன் என்று கேட்டால், "சின்னக் கல்லு எல்லாம் பழையபடி இடிக்குது டீச்சர். பெரிய மேட்டுக்குத்தான் ஸ்பிரிங் வேல செய்யுது" என்றாள்.

யோசித்துப் பாருங்கள், நிலை உராய்வு இதுதான். நட்டு இறுகியிருக்கும்போது மூட்டை அசைக்கவே ஒரு குறைந்தபட்ச விசை வேண்டும். சின்னக் கல் தருகிற விசை அதை எட்டுவதில்லை, ஆகவே மூட்டு பூட்டியே இருக்கிறது, ஸ்பிரிங் இல்லாத வண்டி மாதிரி. உராய்வு வகை வழக்கொழிந்து எண்ணெய் வகை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணெய் மெதுவான அசைவுக்கு விட்டுக்கொடுக்கும், வேகமான அசைவுக்கு முரண்டுபிடிக்கும். உராய்வுக்கு அந்த நிதானம் கிடையாது. வகுப்பில் நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று இரண்டு வரையறையை நான் ஒப்பிக்க வைத்திருக்கிறேன். அந்த வேறுபாட்டை இடுப்பால் உணர்ந்து சொன்னது அவள் ஒருத்திதான்.

பிறகு கொக்கித் தராசை நுனியில் மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் மூட்டு நழுவுகிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்தோம். முறுக்கியபோது மூன்று கிலோ. படிப்படியாகக் குறைத்து, ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வந்தபோது நோட்டில் எல்லா இடத்துக்கும் ஆறு, ஏழு என்று விழுந்தது. மூன்று வேகத்தடைக்கு மட்டும் ஐந்து. அதற்கு அண்ணன் தானே ஒரு வழி கண்டுபிடித்தான், அங்கே வேகத்தைப் பாதியாகக் குறைத்தான். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரப் போவது போல, தடைகளின் இடைவெளியும் பலகையின் ஆட்டமும் ஒத்துப்போய்விடுகின்றன. வேகத்தை மாற்றினால் அந்த ஒத்திசைவு உடைந்துவிடுகிறது. ஒத்ததிர்வு என்ற சொல்லை நான் பிறகு சொன்னேன், அவன் அதற்கு முன்பே அதைச் செய்துவிட்டான்.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன், இது முழுக்க என்னுடையது. மூன்றாவது வாரம் மூட்டில் கிரீச் கிரீச் என்று சத்தம். பிள்ளைகள் சிரிக்கிறார்களே என்று, தையல் இயந்திரத்துக்கு விடுகிற எண்ணெயை எடுத்து நானே இரண்டு சொட்டு விட்டேன். சத்தம் நின்றது. மறுநாள் வண்டி பழையபடி குதித்தது. பதினெட்டு வருடம் 'குறைக்கும் வழிகள்: எண்ணெய்' என்று எழுதிய கை, வேறென்ன செய்யும்? தோல் எண்ணெயைக் குடித்துவிட்டது, துடைத்தும் பயனில்லை, புது வட்டு நான்கு வெட்ட வேண்டியிருந்தது. பெரியவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, பையனைப் பார்த்துச் சிரித்தார். அதற்கு முந்தைய வாரம் நட்டு தானாகத் தளர்ந்தும் ஒரு முறை தொல்லை. கை முன்னும் பின்னும் ஆடுவதில் சாதாரண நட்டு கழன்றுவிடும், உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுதான் போட வேண்டும்.

நீங்களும் செய்யலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. மோட்டார் வண்டியில் இந்தச் சோதனை வேண்டாம். நடை வேகத்துக்குக் கொஞ்சம் மேலே போகிற மிதிவண்டி இது. பற்றவைப்பும் துளையிடுதலும் பட்டறைக்காரர் கையில்தான், பிள்ளைகள் தள்ளி நின்று பார்த்தார்கள். குழந்தை உட்காரும் எதையும் சிறப்புப் பயிற்றுநரும் பெற்றோரும் பார்க்காமல் மாற்றக் கூடாது. வகுப்பறைக்கு மட்டும் என்றால் ஒரு மரப்பலகை, ஒரு ஸ்பிரிங், இரண்டு இரும்பு அளவுகோல், ஒரு போல்ட், இரண்டு தோல் துண்டு போதும். வானவில் மன்றச் செயல்பாட்டு வேளையில் முடித்துவிடலாம்.

அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு. நோட்டு இரண்டாவது நோட்டாகிவிட்டது. சென்ற ஐப்பசி மழையில் ஒரு வாரம் எல்லா இடத்துக்கும் மதிப்பெண் இறங்கிப்போனது. தோல் ஈரத்தில் ஊதி மூட்டு இறுகிவிடுகிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள், மழை நாளில் அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும் என்று குறித்தும் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அண்ணன் ஸ்பேனரோடு இறங்கி வரக் காத்திருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் பழைய புல்லட்டில் இருப்பது போலக் கையால் திருகுகிற குமிழ் ஒன்று, நாற்காலியில் இருந்தபடியே எட்டுகிற மாதிரி வேண்டும் என்று படம் வரைந்து கொடுத்திருக்கிறாள். படத்தில் அளவுகள் எல்லாம் போட்டிருக்கிறாள், ஒன்று மட்டும் இல்லை. குமிழிலிருந்து மூட்டு வரை போகிற கம்பி, பலகை ஏறி இறங்கும்போது எப்படி வளைந்துகொடுக்கும்? அதைப் பெரியவரிடம் கேட்க வரும் சனிக்கிழமை மூன்று பேரும் பட்டறைக்குப் போகிறோம்.